புரையேறினால் தலையில் தட்டக் கூடாது

1

சிரிப்பு அரங்கத்தில் சிரித்ததற்காக வெளியே அனுப்பப்பட்ட கோவில்பட்டிக்காரர் யாராவது எனக்கு முன்னால் இருந்தால் சொல்லிவிடுங்கள். அந்தப் பெருமையை அவருக்கே விட்டுக்கொடுத்து ஒதுங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் அது நான்தான். அதுவும் குடும்பத்தோடு.

கனடாவில் எட்மன்டன் என்ற ஊரில் இருக்கிறேன். கோவில்பட்டியில் ஒரு பஞ்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்தேன். இங்கே நகரப் பேருந்துப் பணிமனையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். இவ்வளவு கடலைத் தாண்டி வந்து அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்த ஆள் நான். அங்கே பேரிங் கேட்டு வருகிறவனிடம் "நாளைக்கு வாடே" என்பேன். இங்கே முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதையே சொல்கிறேன்.

என் பெயர் மாரியப்பன். ஊரில் மாரி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சண்முகையா பின்னால் ஒட்டிக்கொண்டதால் இங்கே அதுதான் குடும்பப் பெயராம். வங்கியிலும் வரி அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் என்னை மிஸ்டர் சண்முகையா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அப்பா பின்னால் வந்து நிற்கிறாரோ என்று கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. பீடியை மறைக்க. பீடியை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கைக்கு இன்னும் தகவல் போகவில்லை.

கைக்குத் தகவல் போகாததுதான் இந்தக் கதையே.

2

ஊரில் நான் யார் என்று சொன்னால்தான் மீதி விளங்கும்.

எங்கள் தெருவில் கல்யாணமோ சடங்கோ காதுகுத்தோ, பந்தியில் சாம்பார் வாளி என் கையில்தான் இருக்கும். எனக்குச் சமையலில் ஒன்றும் தெரியாது. சாம்பாரில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால் "கரண்டி" என்பேன். ஆனால் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்தால் இலை இலையாகச் சிரிப்பு விழும். நானாகப் பீற்றிக்கொள்ளவில்லை, மணமேடையில் இருப்பவர்களே பந்தி எப்போது என்று கேட்பார்கள். இப்போது யோசித்தால், சாப்பாடும் போட்டுச் சிரிக்கவும் வைக்கிற ஓர் அரங்கத்தை நாங்கள் வாராவாரம் முகூர்த்த நாளில் நடத்திக்கொண்டிருந்திருக்கிறோம். டிக்கெட் கிடையாது. மொய் எழுதினால் போதும், எழுதாவிட்டாலும் உள்ளே விடுவோம்.

எனக்கு ஒரே ஒரு விதி. ரசம் வாங்கியவரிடம் வாய் கொடுக்கக் கூடாது. சாம்பார் கெட்டி, சிரித்தாலும் தாங்கும். ரசம் அப்படியே மூக்குக்கு ஏறிவிடும்.

இங்கே வந்தபோது அந்த வாளிக்கு விசா கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் எனக்குச் சம்பளம் வாங்கத் தெரியும், பஸ் டயரின் அளவு சொல்லத் தெரியும், பனியைத் திட்டத் தெரியும். சிரிக்கவைக்கத் தெரியாது. வந்த புதிதில் ஒரு நாள் பணிமனைச் சாப்பாட்டு அறையில் துணிந்து, ஊரில் பந்தியையே உருட்டிய என் கண்மாய் ஜோக்கை மொழிபெயர்த்துச் சொன்னேன். கண்மாய் என்றால் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். மழை பெய்தால்தான் நிறையுமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். பக்கத்தில் இருந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊரில் கிணறு தோண்டித்தர அவருடைய சர்ச்சில் பேசிப் பார்ப்பதாகச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதோடு வாயை மூடிக்கொண்டேன். பணிமனையில் எனக்கு இன்று வரை நல்ல பெயர். ரொம்ப சீரியஸான ஆள், தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார் என்பார்கள். இது கோவில்பட்டியில் தெரிந்தால் என் கூட்டாளிகள் ஆள் மாறிவிட்டது என்று போலீசுக்குச் சொல்லியிருப்பார்கள்.

3

என் மகள் கயல்விழிக்கு இருபத்து மூன்று வயது. இங்கேயே பிறந்தவள். வெளியே அவள் பெயர் கே. ஒரே ஓர் எழுத்து. விழியையும் சேர்த்து மிச்சத்தை எங்கே விட்டாய் என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ரயிலடியில் இரண்டு பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு பேசுவது மாதிரி எங்கள் வீட்டுப் பேச்சு. கேட்கும். ஆனால் நடுவில் தண்டவாளம்.

போன தடவை ஊருக்குப் போனபோது புதியம்புத்தூரில் ரெடிமேட் தைக்கிற என் மைத்துனன் வேலுச்சாமி, பேசிக்கொண்டிருந்த வாக்கில் அவளிடம் சொல்லியிருக்கிறான்.

"ஏட்டி, ஒங்கப்பா வாளியத் தூக்குனாவன்னா பந்தியே குலுங்கும்லா! சிரிச்சுச் சிரிச்சு வயித்தப் புடிச்சுக்கிட்டு எவனும் பாயாசம் வரைக்கும் போவமாட்டான்."

கயல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேறு யாருடைய அப்பாவைப் பற்றியோ சொல்கிறார்கள் என்கிற பார்வை.

அதை அவள் மறக்கவில்லை. இந்த வருஷம் வைகாசி மாதம், எங்கள் கல்யாணத்தின் வெள்ளி விழாவுக்கு நாலு நாள் முன்னால், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு ஹாலிபாக்ஸில் வேலை கிடைத்திருந்தது. நாட்டின் மறு ஓரம். இரண்டு வாரத்தில் கிளம்ப வேண்டும்.

"அப்பா, நீங்க ஃபன்னியா இருந்தீங்களாம். எப்போ நிறுத்தினீங்க?"

சிகரெட்டை எப்போது நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கேட்பது மாதிரி கேட்டாள். நான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன், சத்தம் வரட்டும் என்று.

"இங்க வந்தப்பவா? எனக்காகத்தான வந்தீங்க?"

"சும்மா இரு கயலு. ஒனக்காகன்னு ஒண்ணும் இல்ல."

"அப்ப எதுக்கு?"

அவள் முகத்தைப் பார்த்தேன். இந்தப் பிள்ளை தன் பெட்டியில் துணிமணியோடு இதையும் மடித்து வைத்து எடுத்துக்கொண்டு போகப்போகிறது என்று தெரிந்தது. தன்னை வளர்க்க வந்த இடத்தில் அப்பாவின் சிரிப்பு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, அங்கே தனியாக ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

மறுநாளே, நகரத்தின் நடுவில் இருக்கிற ஒரு சிரிப்பு அரங்கத்தில் மூன்று பேருக்கும் இடம் பிடித்துவிட்டேன் என்றாள். மேடையில் ஒருவர் நின்று பேசுவார், கீழே மேஜையில் சாப்பாடு வரும். கல்யாண நாள் பரிசு.

நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஜோக் புரிகிறதோ இல்லையோ, அங்கே விழுந்து விழுந்து சிரித்துவிட வேண்டும். உன் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிரிப்பெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று காட்டி அனுப்ப வேண்டும்.

4

சாயங்கால ஆட்டம். எங்கள் ஊர் ஜூன் மாதத்தில் சூரியன் மறைய மனசே இல்லாமல் நின்றுகொண்டிருக்கும். அந்த வெளிச்சத்திலிருந்து உள்ளே போனதும் ஒன்றும் தெரியவில்லை. வாசலில் ஒரு பெண் "சண்முகையா, மூன்று பேர்" என்று உரக்கக் கூப்பிட்டது. அப்பாவும் எங்களோடு உள்ளே வந்தார்.

மேடைக்கு முன்னால் நீள மேஜை. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் ஏற்கெனவே இருந்தார்கள். நல்ல ஆகிருதி, பளபளவென்று வழுக்கைத் தலை. தன் பெயர் கிளென் என்று கை கொடுத்தார்.

சாப்பாட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு பண்டமாவது வாங்கியே தீர வேண்டும். என் மனைவி பேச்சியம்மாளுக்கு இதை விளக்கினேன். எங்கள் பக்கத்தில் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு "போதும், போதும்" என்றால்தான் மரியாதை. மறைத்த கையின் மேலேயே ஊற்றினால்தான் பரிமாறுகிறவனுக்கு மரியாதை.

"கட்டாயம் வாங்கணுமா? அப்ப வேண்டாம்னு எப்பச் சொல்லுதது?" என்றாள் பேச்சி. பெயரில்தான் பேச்சு. ஒரு நாளைக்கு அவள் பேசுவதை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம்.

விளக்கை அணைத்த பிறகுதான் தட்டுகள் வந்தன. பரிமாறுகிற பெண் குனிந்து, குந்தி உட்கார்ந்து, காதில் ரகசியம் சொல்கிற மாதிரி "இது யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டே நகர்ந்தது. சாவு விழுந்த துஷ்டி வீட்டில் காபி கொடுக்கிற மாதிரி இருந்தது. பேச்சிக்கு வந்த காய்கறி பர்கர் ஈரத்தில் நனைந்த அட்டைப்பெட்டி. எனக்கு நாச்சோஸ். சோளத்தில் செய்த முரட்டு அப்பளம், மேலே மஞ்சளாக ஏதோ ஊற்றியிருந்தது. கடித்தால் நொறுங்குகிற சத்தம் மேடை வரைக்கும் கேட்கும் போலிருந்தது. அதனால் ஒவ்வொன்றையும் வாயில் ஊறவைத்து, எல்லோரும் சிரிக்கிற சமயம் பார்த்து மென்றேன். எல்லோரும் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன் என்றால் அதற்காகத்தான்.

சிரிப்பதும் அப்படித்தான். மேடையில் இருந்த இளைஞர் சொல்வதில் வார்த்தை புரிந்தது, ஜோக் புரியவில்லை. அவர் திட்டிய அரசியல்வாதியைத் தெரியாது. கேலி செய்த பழைய டிவி நிகழ்ச்சியைப் பார்த்ததில்லை. அதனால் கூட்டம் சிரித்ததும் நானும் தொடையைத் தட்டிச் சிரித்தேன். ஓரக்கண்ணால் கயலைப் பார்த்தேன். அவள் மேடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேட்போம் என்று முன்னால் சாய்ந்தேன். அந்த இளைஞர் புதிதாக ஒரு கதையை ஆரம்பித்தார். "நேற்று நான் கடைக்குப் போனேன்."

"ம்" என்றேன்.

"என் பின்னால் ஒரு பெண்மணி நின்றார்."

"ம்."

எங்கள் பக்கத்தில் ஒருவர் கதை சொன்னால் எதிரே இருப்பவர் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் "ஏலே, கேக்கியா தூங்குதியா?" என்று கேட்டுவிடுவார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். என் கடமையைச் செய்தேன்.

அவர் பேச்சை நிறுத்தினார். "சார், உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?"

ஒன்றுமில்லை என்றேன். உங்கள் பெயர் என்ன என்றார். இந்த ஒரு இடத்திலாவது அப்பாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று, "ஐ ஆம் மாரி" என்றேன்.

"மேரீடா? வாழ்த்துகள். நான் பெயரைக் கேட்டேன்."

"நோ நோ, மாரி."

"ஆமாம் சார், பக்கத்தில் உங்கள் மனைவியே உட்கார்ந்திருக்கிறார், நம்புகிறேன். பெயர்?"

அரங்கம் சிரித்தது. அதற்குப் பிறகு அவருக்கு நான் மிஸ்டர் மேரீட். கல்யாண நாள் அன்று அப்படி ஒரு பட்டம். பேச்சி என் காதோரம் வந்து, "என்ன சொல்லுதான்?" என்றாள். "நமக்குக் கல்யாணம் ஆனது அவனுக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

5

கிளென்தான் அன்று நன்றாகச் சிரித்தவர். மேஜையைத் தட்டி, உடம்பு குலுங்கச் சிரித்தார். ஒரு கையில் கோழி இறக்கைத் துண்டு. அப்படிச் சிரிக்கும்போதே அவருக்குப் புரையேறிவிட்டது. இருமல், முகமெல்லாம் சிவப்பு, கண்ணில் நீர்.

சத்தியமாக நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கை தானாகப் போனது. அவர் உச்சந்தலையில் தட்டினேன்.

"யாரோ நெனைக்காவ, யாரோ நெனைக்காவ!"

வழுக்கைத் தலை. சத்தம் அருமையாகக் கேட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா மேடையில் இருந்தவர் மூச்சு வாங்க நிறுத்த வேண்டும்?

கிளென் இருமலை மறந்து என்னைப் பார்த்தார். அவர் மனைவி என் கையைப் பார்த்தார். நானும் என் கையைப் பார்த்தேன், அது வேறு யாருடையதோ என்பது போல. மேடையிலிருந்து குரல் வந்தது.

"மிஸ்டர் மேரீட் ஒரு முதியவரை அடித்துவிட்டார்."

அன்றைய ஆட்டத்திலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான். நான் எழுந்து நின்றேன். விளக்கினேன். எங்கள் ஊரில் ஒருவருக்குப் புரையேறினால் அவரை யாரோ நினைக்கிறார்கள் என்று அர்த்தம், அதனால் தலையில் தட்டுவோம் என்றேன். ஆங்கிலத்தில் சொல்லிக் கேட்டபோது எனக்கே அது போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கிற வாக்குமூலம் மாதிரி இருந்தது.

"கவலைப்படாதீர்கள் சார், இப்போது நாங்கள் எல்லோரும் உங்களைத்தான் நினைக்கிறோம்" என்றார் அவர்.

மறுபடி சிரிப்பு. சிறு டார்ச் ஒன்று எங்களை நோக்கி வந்தது. மேலாளர். நல்ல மனுஷன். மூன்று வாக்கியத்தில் ஐந்து மன்னிப்புக் கேட்டார். எங்கள் வசதிக்காக வேறு மேஜை தருவதாகச் சொல்லி, அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் கடைசி மூலையில் தட்டுகளோடு உட்காரவைத்தார். அங்கிருந்து மேடையில் இருப்பவரின் முழங்காலுக்குக் கீழேதான் தெரிந்தது.

நான் அசரவில்லை. முழங்கால் ஏதோ சொன்னது, கூட்டம் சிரித்தது, நானும் "ஹஹ்ஹா" என்றேன்.

"சிரிக்காதீங்கப்பா" என்றாள் கயல். மெதுவாகத்தான் சொன்னாள். "எல்லாரையும் பாத்துட்டு, அப்புறம் சிரிக்கீங்க. ஹாஃப் செகண்ட் லேட்டா. நான் வந்ததுல இருந்து பாக்கேன்."

நான் கையில் எடுத்த நாச்சோஸைத் தட்டில் திருப்பி வைத்தேன்.

"சாரிப்பா. இது நல்ல ஐடியா இல்ல. நீங்க சிரிச்சு ஒரு தடவ பாத்துட்டுப் போகணும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

குனிந்துகொண்டாள். கண்ணைத் துடைக்கிறாள் என்று இருட்டிலும் தெரிந்தது. ஒரு பிள்ளைக்கு அப்பன் சிரிப்பைக்கூடக் காட்டி அனுப்ப முடியவில்லையே என்று நான் அந்த முரட்டு அப்பளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் பேச்சி பர்கரைக் கீழே வைத்தாள்.

6

"ஏட்டி, ஒங்கப்பா தட்டுனாவள்லா, அந்தத் தட்டு நான் வாங்குனது. எட்டயபுரத்துல."

கயல் நிமிர்ந்தாள். "அப்பா உங்களத் தட்டினாங்களா?"

"இவிய தட்டல, எங்கம்மா தட்டுனா. காரணம் இவிய." பேச்சி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். தபால் கார்டு தீர்ந்து அவள் புதுத் தாள் எடுக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. "எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். நாங்க ஓட்டப்பிடாரம் பக்கத்துல இருந்து பஸ்ஸு மாறி வந்து பந்தியில ஒக்காந்திருக்கோம். எனக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் எங்க மாமா. மாமா எப்படிச் சாப்புடுவாவ தெரியுமா? சோத்துல நடுவுல பெருசா ஒரு குழி போடுவாவ, சாம்பாருக்கு. இவிய வாளியோட வந்தாவ. பாத்தாவ. என்ன சொன்னாவங்க?"

கடைசிக் கேள்வி எனக்கு. பேச்சி என்னைப் பார்த்தாள். கயலும் பார்த்தாள்.

மேஜையில் தக்காளிச் சாஸ் குப்பி ஒன்று இருந்தது. கை தானாக அதை எடுத்துக்கொண்டது. எழுந்து, நாச்சோஸ் தட்டின் மேல் குனிந்தேன்.

"அண்ணாச்சி, இது என்ன குழியா, கண்மாயா? தூர்வாரி எத்தன வருசம் ஆச்சு?"

"ஊத்துடேன்னாவ எங்க மாமா" என்றாள் பேச்சி.

"ஊத்துதேன், ஊத்துதேன். எலேய், கண்மா ரொம்பிட்டுடோய்! மறுகா பாயுது! கரையில நிக்கவிய எல்லாரும் எந்திரிங்க!" சாஸைத் தட்டின் ஓரம் வரை ஓடவிட்டேன். "ஏ தாயி, ஒங்க நெலத்துக்குத் தண்ணி வருது, வரப்பப் போடுங்க!"

"சாம்பாரு எங்க எலைக்கு வந்துட்டுட்டீ! நான் அப்பளத்த ஒடச்சு நெசமாவே வரப்புப் போட்டேன்" என்றாள் பேச்சி. "அதுக்குள்ள நான் ரசத்துல இருந்தேன். இவிய அதப் பாக்கல. சிரிச்சேன் பாரு, ரசம் மூக்குல ஏறிட்டு. எங்கம்மா என் மண்டையில போடு போடுன்னு போடுதா. யாரோ நெனைக்காவ, யாரோ நெனைக்காவன்னு. அதுக்கு இந்த மனுசன் வாளியக் கையில வச்சுக்கிட்டு, எங்கம்மா மூஞ்சியப் பாத்துச் சொல்லுதாவ..."

பேச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. முடிக்க முடியவில்லை. நான்தான் முடித்தேன்.

"நெனைக்க வேண்டிய அவசியமே இல்ல அத்தே. நேர்லயே நிக்கேன்!"

கயல் சிரித்தாள்.

எத்தனையோ விதமாக அவள் சிரித்துக் கேட்டிருக்கிறேன். போனில், தோழிகளோடு, எனக்குப் புரியாத எதையோ பார்த்துக்கொண்டு. இது வேறு. பின்னால் சாய்ந்து, வாயைப் பொத்தி, பொத்திய கையையும் மீறிக்கொண்டு வந்த சிரிப்பு. "வரப்பா? அப்பளத்துலயா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள். பேச்சியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அரை நொடிகூடத் தாமதமில்லை.

சிரித்த வேகத்தில் கயலுக்குப் புரையேறியது. பேச்சியின் கையும் என் கையும் ஒரே நேரத்தில் அவள் உச்சந்தலைக்குப் போய் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. "யாரோ நெனைக்காவ..." என்று இருவரும் ஆரம்பித்தோம். கயல் இருமலுக்கு நடுவில், கண்ணில் நீரோடு, அவளுடைய கனடாத் தமிழில் சொன்னாள்:

"நெனைக்க வேண்டாம். நேர்லயே நிக்காங்க!"

அதற்கு நாங்கள் போட்ட சத்தத்தில்தான் அரங்கம் திரும்பிப் பார்த்தது. மேடையில் அந்த இளைஞர் கொஞ்ச நேரமாகவே ஜோக்கை விட்டுவிட்டு, இறந்துபோன தன் நாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். கடைசி நாளில் அது அவர் மடியில் தலை வைத்திருந்ததாம். முன்வரிசையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

டார்ச் மறுபடியும் வந்தது. இந்த முறை மன்னிப்பு ஒன்றுதான்.

7

வெளியே பட்டப்பகல் மாதிரி வெயில். துரத்தப்பட்டவர்களுக்கு இருட்டு இருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். மூவரும் காருக்குப் பக்கத்தில் நின்று மிச்சத்தையும் சிரித்து முடித்தோம்.

கதவு திறந்து கிளென் வந்தார். அவர் கையில் நாங்கள் முன் மேஜையில் விட்டுவந்த பேச்சியின் கைப்பை. கொடுத்துவிட்டுத் தன் தலையைத் தடவிக்கொண்டார்.

"யார் என்று தெரியுமா?" என்று கேட்டார்.

"என்னது?"

"என்னை நினைத்தது."

அது தெரியாது, அந்த அளவுக்கு எங்களிடம் வசதி இல்லை என்றேன். அவர் தலையாட்டினார். ரெஜைனாவில் ஒரு தங்கை இருக்கிறாள், அவளாகத்தான் இருக்கும், இப்படி மூச்சை நிறுத்த அவளால்தான் முடியும் என்றார். உள்ளே போகாமல் அங்கேயே நின்று போனை எடுத்தார். எனக்கு ஆங்கிலத்தில் ஒரு ஜோக் புரிந்த நாள் அது. சிரித்தேன். என் அடியை அவர் வரவு வைத்துக்கொண்ட விதத்துக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

காரில் கயல்தான் ஓட்டினாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கேள்வி.

"எப்போப்பா நிறுத்தினீங்க?"

இப்போது குழாய்ச் சத்தம் இல்லை. சொன்னேன்.

"நிறுத்தலம்மா. பந்திதான் கலஞ்சுபோச்சு. வீட்டுல நீங்க ரெண்டு பேரு. ரெண்டு எலைக்கு எதுக்கு வாளின்னு ஒரு சோம்பேறித்தனம். அப்புறம் ஒரு பயம்."

"என்ன பயம்?"

"நீ சின்னப் பிள்ளையா இருக்கப்ப ஒண்ணு சொன்னேன். இது ஜோக்கான்னு கேட்ட. பணிமனையில நூறு பேரு கேட்டா தாங்கிக்கிடுவேன். நீ கேட்டா தாங்காது பாத்துக்க."

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். "அப்ப எனக்குப் புரியலப்பா. அதான் கேட்டேன். நீங்க இன்னொரு தடவ சொல்லிருக்கலாம்."

"இப்பச் சொல்லட்டா?"

"ஹாலிபாக்ஸ் வர்ற வரைக்கும் சொல்லுங்க."

பின்சீட்டில் பேச்சி, மிச்ச பர்கரைக் கட்டிக்கொடுத்திருந்த டப்பாவைத் திறந்து பார்த்தாள். "இத என்ன செய்ய? நாய் திங்குமா?" என்றாள். அன்றைய ஆட்டத்தின் கடைசி ஜோக்கும் அவளுடையதுதான். ஊரே நம்பிக்கொண்டிருந்தது, எங்கள் வீட்டில் வாளி என்னிடம் இருக்கிறது என்று.

மறுநாள் வேலுச்சாமிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில் பொறுமையாக உம் கொட்டிக் கேட்டான். கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரித்தான், அத்தான். கறி போட்டானா?" என்றான்.

போய் வந்த இடம் ஏமாற்றம்தான், மறைக்கவில்லை. சாப்பாடு மோசம், ஜோக் விளங்கவில்லை, இடம் மாற்றி உட்காரவைத்தார்கள், கடைசியில் வெளியே விட்டார்கள். ஆனாலும் அந்த அரங்கம் இருக்கும் தெரு வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன். அடுப்படிப் பக்கம் எங்களைத் தள்ளாமல் இருந்திருந்தால் பேச்சி வாயைத் திறந்திருக்கமாட்டாள்.

8

கயல் ஹாலிபாக்ஸ் போய்விட்டாள். அங்கே எங்களுக்கு முன்பே விடிந்துவிடுகிறது. இங்கே காலையில் உப்புமா சாப்பிடும்போது எனக்குப் புரையேறினால் பேச்சி தலையில் தட்டுவாள். உடனே நான் ஒரு செய்தி அனுப்புவேன்.

"நெனச்சியா?"

"இல்லப்பா, மீட்டிங்ல இருக்கேன்."

பெரும்பாலும் இதுதான் பதில். நேர்மையான பிள்ளை. வளர்ப்பு அப்படி.

போன வாரம் வரி அலுவலகத்துக்குப் போன் செய்து காத்திருந்தேன். காதில் ஒரே சங்கீதம். அதற்கு முன்னால், அங்கே போனை எடுத்த அம்மாவுக்கு அப்பா பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லி வாய் வலித்திருந்தது. அப்போது கயலிடமிருந்து செய்தி வந்தது. தமிழ் எழுத்தில். தப்போடு.

"அப்பா இப்ப எனக்கு புறையேரிச்சு. நீங்களா?"

உண்மையைச் சொன்னால், அந்த நேரம் நான் நினைத்துக்கொண்டிருந்தது வரி அலுவலகத்தாரை. அதுவும் நல்லபடியாக இல்லை. ஆனால் எழுதினேன்:

"ஆமா."

அடுத்த செய்தி வந்தது.

"தட்ட ஆள் இல்ல. நானே தட்டிக்கிட்டேன்."

சங்கீதம் நின்றது. "மிஸ்டர் சண்முகையா, இருக்கிறீர்களா? கேட்கிறதா?" என்றார் அந்த அம்மா.

"ம்" என்றேன்.